டி.ஐ.சி.ஜி.சி. வைப்புக் காப்பீடு: வங்கி முடங்கினால் எவ்வளவு வரும், எப்போது வரும்

நாம் கேட்டு வாங்காத, கையெழுத்துப் போடாத, பிரீமியம் கட்டாத ஒரு காப்பீடு இந்தியாவில் ஏறத்தாழ எல்லா வங்கிக் கணக்குகளோடும் சேர்ந்தே வருகிறது. ரிசர்வ் வங்கியின் முழு உரிமையில் இயங்கும் வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் (சுருக்கமாக டி.ஐ.சி.ஜி.சி.) வழங்கும் காப்பீடு அது. வங்கி முடங்கிப்போனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை கழகம் கொடுக்கும். பிரீமியத்தை வங்கிதான் கட்ட வேண்டும், 100 ரூபாய் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12 பைசா வரை. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பது விதி.

விலையே இல்லாத ஒரு சேவையை மதிப்பிட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. இதன் விதிகளைத் தெரிந்து கணக்கைப் பிரித்து வைத்த குடும்பத்துக்கு 20 லட்சமும் பாதுகாப்பாக இருக்கும். தெரியாத குடும்பத்துக்கு அதே வங்கியில், அதே 20 லட்சத்தில், 5 லட்சம்தான் உறுதி. இந்த வித்தியாசத்தை வங்கியின் கவுன்டரில் எஃப்.டி. ரசீது எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்தச் சேவையின் முதல் குறை அதுதான்.

2021க்கு முன்பு இதை நம்பியிருங்கள் என்று யாருக்கும் சொல்லியிருக்க முடியாது. இப்போது சொல்லலாம், வரம்புக்குள் இருப்பவர்களுக்கு. ஏன் என்று பார்ப்போம்.

வாராக் கடன் எப்படி வங்கியை முடக்குகிறது

வங்கி நம்மிடம் வாங்கிய பணத்தைக் கடனாகக் கொடுக்கிறது. நாம் கேட்டால் நாளைக்கே திருப்பித் தர வேண்டும், கடன் வாங்கியவரோ பத்து, பதினைந்து ஆண்டுகளில் கட்டுவார். தவணை 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் அந்தக் கடன் என்.பி.ஏ., அதாவது வாராக் கடன் வகைக்குப் போகிறது. அன்று முதல் அதன் வட்டியை வருமானமாகக் காட்ட முடியாது. அதோடு, வரக்கூடிய இழப்புக்காக லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். ஓராண்டுக்குள் இருக்கும் தரக்குறைவான கடனுக்கு, ஈடு இருந்தால் 15 சதவீதம், ஈடு இல்லாவிட்டால் 25 சதவீதம். காலம் போகப்போக ஒதுக்கீடு ஏறிக்கொண்டே 100 சதவீதம் வரை செல்லும்.

இந்த ஒதுக்கீடு முதலில் லாபத்தைத் தின்னும், லாபம் தீர்ந்ததும் மூலதனத்தைத் தின்னும். ஆபத்துக்கேற்ப எடைபோட்ட 100 ரூபாய்ச் சொத்துக்கு வணிக வங்கி வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச மூலதனம் 9 ரூபாய். நூறு ரூபாய் கடனில் 12 ரூபாய் திரும்பவே திரும்பாது என்றால் அந்த 9 ரூபாயும் காலி, மீதி 3 ரூபாய் டெபாசிட்காரர் பணத்தில் விழும் ஓட்டை. அதனால்தான் வங்கி நிர்வாகங்கள் வாராக் கடனை வாராக் கடன் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன. பழைய கடனைக் கட்டுவதற்கென்றே அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுப்பது நெடுங்கால வழக்கம். 2015இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்ற பெயரில் வங்கிகளின் கணக்கைக் கிளறியபோதுதான் மறைந்திருந்தவை வெளியே வந்தன. 2018 மார்ச்சில் வணிக வங்கிகளின் மொத்த வாராக் கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது.

மறைப்பின் உச்சம் மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி, சுருக்கமாக பி.எம்.சி. வங்கி. மொத்தக் கடனில் 70 சதவீதத்துக்கும் மேல் எச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,049 போலிக் கடன் கணக்குகள் காட்டப்பட்டன. தணிக்கை அறிக்கையைப் பார்த்தவருக்கு நல்ல வங்கியாகத்தான் தெரிந்திருக்கும். அறிக்கையைப் படித்தே தப்பித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியின் கணக்கே பொய்யாக இருந்தாலும் கைகொடுப்பது காப்பீடுதான்.

முடங்கும் அன்று என்ன நடக்கிறது

பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல் ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு வரும். கூட்டுறவு வங்கி என்றால், வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின் கீழ், ஒருவர் இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வரும். பி.எம்.சி. வங்கியில் 2019 செப்டம்பரில் அந்தத் தொகை முதலில் வெறும் 1,000 ரூபாய், பிறகு படிப்படியாக உயர்ந்தது. மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியில் 2025 பிப்ரவரி 13 அன்று ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்றே உத்தரவு. இரண்டு வாரம் கழித்துத்தான் 25,000 ரூபாய் வரை அனுமதி கிடைத்தது.

பணம் எடுக்க முடியாது என்பதோடு துன்பம் நிற்பதில்லை. கொடுத்த காசோலைகள் திரும்பும். தானாகப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாம் பணமின்றித் திரும்பும். அதற்கான அபராதத்தைக் கடன் கொடுத்த வேறு வங்கி போடும், கடன் மதிப்பெண்ணும் இறங்கும். எஃப்.டி.யை முன்கூட்டியே உடைக்க முடியாது. அந்தக் கணக்கில் சம்பளமும் ஓய்வூதியமும் வருபவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது, வேறு வங்கிக் கணக்கின் எண்ணைச் சம்பளப் பிரிவிலும் ஓய்வூதிய அலுவலகத்திலும் கொடுப்பது. இரண்டாவதாக, தவணை பிடிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் புதுக் கணக்கைப் பதிய வேண்டும். இதில் ஒரு மாதம் தாமதித்தாலும் செலவுதான். லாக்கரில் இருப்பது டெபாசிட் அல்ல, காப்பீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உள்ளே இருக்கும் நகை வங்கியின் சொத்தும் அல்ல, அதனால் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாது.

90 நாள் கணக்கு

2021க்கு முன்பு இந்தச் சேவையின் பெரிய கேடு, காப்பீட்டுப் பணம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது என்பதே. வங்கியின் உரிமம் ரத்தாகி, கலைப்பு அதிகாரி வந்த பிறகுதான் பணம். கட்டுப்பாட்டில் கிடக்கும் வங்கிக்கு அது பொருந்தாது. புனேயின் ரூபீ கூட்டுறவு வங்கி 2013இல் கட்டுப்பாட்டுக்குள் போனது, உரிமம் ரத்தானது 2022இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கல்யாணச் செலவுக்கும் மருத்துவமனைக்கும் தங்கள் சொந்தப் பணத்தையே கெஞ்சிக் கேட்ட முதியவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, டி.ஐ.சி.ஜி.சி. சட்டத்தின் 18ஏ பிரிவு இதை மாற்றியது. இப்போது கட்டுப்பாடு வந்த நாளே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதல் 45 நாளுக்குள் வங்கி, யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த 30 நாளில் கழகம் சரிபார்க்கும். அதற்கடுத்த 15 நாளில் பணம் போட வேண்டும். ஆக மொத்தம் 90 நாள். நியூ இந்தியா வங்கியில் பிப்ரவரி 13 என்றால் 45ஆம் நாள் மார்ச் 30, 90ஆம் நாள் மே 14. காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளக்கூடிய தேதிகள் இவை. ஒன்பது ஆண்டு காத்திருந்தாலும் தெரியாத ஒன்று, இன்று முதல் நாளே தெரிகிறது. இந்த ஒரு திருத்தத்துக்காகவே சேவையை மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. முடங்கிய வங்கியை வேறு வங்கியோடு இணைக்கும் திட்டம் இருந்தால் இன்னும் 90 நாள் வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இருக்கிறது. உரிமம் ரத்தாகிக் கலைப்புக்குப் போன வங்கியில் கணக்கு வேறு: கலைப்பு அதிகாரி மூன்று மாதத்துக்குள் பட்டியல் தர வேண்டும், அது கிடைத்த இரண்டு மாதத்துக்குள் கழகம் பணம் தர வேண்டும்.

பணம் தானாக வந்து விழாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் காலத்தில் பணம் வேண்டும் என்று விருப்பப் படிவம் எழுதி, முடங்கிய வங்கியின் கிளையில் கொடுக்க வேண்டும். அதோடு அடையாளச் சான்று, பணம் போட வேண்டிய வேறு வங்கிக் கணக்கின் விவரம். வேலை நடக்காமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். பத்தாண்டுக்கு முன் திறந்த கணக்கில் பெயர் இனிஷியலோடு இருக்கும், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் கிடக்கும். கூட்டுக் கணக்கில் ஒருவர் இறந்திருப்பார், இறப்புச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருக்காது. கொடுத்த மாற்றுக் கணக்கு மகன் பெயரில் இருக்கும். இப்படிப்பட்டவை முதல் பட்டியலிலிருந்து நழுவிப்போகும். குறை தீர்ந்த பிறகு துணைப் பட்டியலில் வரலாம், ஆனால் 90 நாள் என்ற உறுதி அங்கே கைநழுவும். கழகத்தின் இணையதளத்தில் தாவா சூச்சக் என்ற பக்கத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து நம் கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடிகிறது, அது நல்ல வசதி. கிளையில் கேட்டு அலைவது குறையும்.

5 லட்சம் என்றால் எது எது சேரும்

ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் பெயரில் உள்ள சேமிப்பு, நடப்பு, எஃப்.டி., ஆர்.டி. எல்லாவற்றையும் கூட்டி 5 லட்சம். தி.நகர் கிளையில் 4 லட்சம், மதுரைக் கிளையில் 4 லட்சம் என்று பிரித்துப் போட்டால் பயனில்லை. வேறு வேறு வங்கி என்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 5 லட்சம். இரண்டு வங்கிகள் இணைந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால், இணைப்புச் செய்தி வந்ததும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வட்டியும் வரம்புக்குள்ளேயே அடக்கம். அசல் 4,95,000, சேர்ந்த வட்டி 4,000 என்றால் 4,99,000 முழுதும் கிடைக்கும். அசலே 5 லட்சம், வட்டி 10,000 என்றால் அந்த 10,000 போச்சு. ஆகவே முழு 5 லட்சத்துக்கு எஃப்.டி. போடுவது தவறு. காலாண்டுக் கூட்டு வட்டி 7 சதவீதம் என்று வைத்தால், ஓராண்டுக்கு 4,65,000 போட்டால் முதிர்வில் சுமார் 4,98,400 ஆகும். ஐந்தாண்டுக்கு முதிர்வில் மொத்தமாக வாங்கும் வகையில் போடுவதானால் 3,50,000தான் சரி, அது சுமார் 4,95,000 ஆக வளரும். அதே வங்கியில் சேமிப்புக் கணக்கில் 30,000 கிடந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். மாதாமாதம் வட்டியை வேறு வங்கிக்கு அனுப்பச் சொன்னால் அசல் வளராது. ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவே வசதி.

இந்தக் காப்பீட்டின் மிகப் பயனுள்ள, ஆனால் பலருக்கும் தெரியாத விதி, உரிமையும் தகுதியும் வேறாக இருந்தால் வரம்பும் தனி என்பது. தனிப் பெயரில் ஒன்று, மனைவியோடு கூட்டாக ஒன்று, மைனர் பிள்ளையின் காப்பாளராக ஒன்று, கூட்டாண்மை நிறுவனத்தின் பங்குதாரராக ஒன்று, அறக்கட்டளையின் அறங்காவலராக ஒன்று, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 5 லட்சம். கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசை மாறினால்கூடத் தனிக் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். கணவர் முதலில், மனைவி இரண்டாவது என்றொரு கணக்கு, மனைவி முதலில், கணவர் இரண்டாவது என்று இன்னொன்று. ஆகவே கணவன் மனைவி இருவர் மட்டும் ஒரே வங்கியில் நான்கு விதமாக 20 லட்சம் வரை காப்பீட்டுக்குள் வைக்கலாம்: அவர் பெயரில், இவர் பெயரில், அவர்-இவர், இவர்-அவர். எஃப்.டி. படிவத்தில் முதல் பெயர், இரண்டாம் பெயர் என்ற இரண்டு கட்டங்களை நிரப்பும்போது செய்யும் வேலை இது, ஒரு ரூபாய் செலவில்லை. ரசீது வந்ததும் பெயர் வரிசை சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், வங்கி அனுப்பும் பட்டியல் அந்தப் பதிவை வைத்துத்தான்.

இரண்டு குழப்பங்கள். நாமினி பெயரை மாற்றி மாற்றிப் போட்டால் வரம்பு கூடாது, நாமினி உரிமையாளர் அல்லர். தனிநபர் வணிகம், அதாவது ஒருவரே நடத்தும் கடையின் நடப்புக் கணக்கு, அவருடைய சொந்தக் கணக்கோடு சேர்த்தே கூட்டப்படும். மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குக் கடை நடப்புக் கணக்கில் 3 லட்சம், சொந்த எஃப்.டி. 4 லட்சம் என்றால் 2 லட்சம் வெளியே நிற்கிறது.

அதே வங்கியில் கடன் இருந்தால் முதலில் அது கழிக்கப்படும். 4 லட்சம் டெபாசிட், 3 லட்சம் நகைக்கடன் என்றால் கையில் வருவது 1 லட்சம். பெரிய டெபாசிட்காரருக்கு இது சாதகமாகவும் அமையும்: 6 லட்சம் டெபாசிட், 2 லட்சம் கடன் என்றால் கழித்தபின் நிற்கும் 4 லட்சம் முழுதும் வரம்புக்குள் வந்துவிடும்.

எது சேராது

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள், நகரக் கூட்டுறவு வங்கிகள் காப்பீட்டுக்குள் வருகின்றன. ஊரில் சொசைட்டி என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வராது. நகைக்கடனும் பயிர்க்கடனும் கொடுக்கும் அதே கட்டடத்தில் டெபாசிட்டும் வாங்குவார்கள், ஊர்க்காரர்கள் அதைக் கூட்டுறவு வங்கி என்றே அழைப்பார்கள். ஆனாலும் அந்தப் பணத்துக்கு இந்தக் கழகத்தின் காப்பீடு கிடையாது. பணியாளர் சிக்கன நாணயச் சங்கம், நிதி நிறுவனங்கள், சாசுவத நிதிகள், சீட்டு, வீட்டுக்கடன் நிறுவனங்களின் டெபாசிட், கம்பெனி டெபாசிட் எதற்கும் கிடையாது. 1990களில் இங்கே நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கதவடைத்தபோது மக்களுக்கு நேர்ந்த கதியால்தான் 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. அந்தச் சட்டம் சொத்தைப் பறிமுதல் செய்து விற்றுப் பகிர்ந்து கொடுக்கும் வழி. அதற்கு 90 நாள் கணக்கெல்லாம் இல்லை. டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2019இல் கவிழ்ந்தபோது அதில் டெபாசிட் வைத்திருந்த பலருக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை. வட்டி ஒன்றரை சதவீதம் கூடக் கிடைக்கிறது என்று அங்கே போட்டவர்கள் அவர்கள்.

அஞ்சலகச் சேமிப்பும் இந்தக் கழகத்தின் கீழ் வராது, ஆனால் அதற்கு மத்திய அரசே பொறுப்பு.

உங்கள் வங்கி சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது, ஏறத்தாழ 2,000 வங்கிகள். 2023 செப்டம்பரிலிருந்து வங்கிகள் தங்கள் இணையதளத்தில் கழகத்தின் சின்னத்தையும் க்யூ.ஆர். குறியீட்டையும் காட்ட வேண்டும். அது இல்லாத இடத்தில் பணம் போடும் முன் பட்டியலைப் பாருங்கள். வங்கி என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் பார்த்து நம்பிவிட வேண்டாம்.

வரம்புக்கு மேல் உள்ள பணம்

இங்கேதான் சேவை பலவீனமானது, இதற்கு மேல் என்ன நடக்கும் என்பது விழுந்த வங்கியைப் பொறுத்தது. மூன்று வங்கிகளின் கதை மூன்று விதம்.

யெஸ் வங்கிக்கு 2020 மார்ச் 5 அன்று 50,000 ரூபாய் கட்டுப்பாடு வந்தது, பாரத ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் மூலதனம் போட்டன, மார்ச் 18 அன்று கட்டுப்பாடு நீங்கியது. டெபாசிட்காரர் யாரும் ஒரு ரூபாய் இழக்கவில்லை. ஆனால் எஃப்.டி.யைவிட வட்டி கூட என்று நினைத்து ஏ.டி.1 பத்திரம் (வங்கி நொடித்தால் பூஜ்யமாக்கிவிடக்கூடிய கடன் பத்திரம்) வாங்கியவர்களின் 8,415 கோடி ரூபாய் ஒரே கையெழுத்தில் பூஜ்யமாக்கப்பட்டது. அது நீதிமன்றம் வரை போனது. வங்கியின் பெயரில் விற்கப்பட்டாலும் பத்திரம் டெபாசிட் அல்ல, காப்பீடும் இல்லை.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் முடிவு நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததே. மூலதன விகிதம் 2019 மார்ச்சில் 7.72 சதவீதம், 2020 மார்ச்சில் 1.12, அந்த ஆண்டு செப்டம்பரில் மைனஸ் 2.85. வாராக் கடன், கொடுத்த கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க் கட்டுப்பாடு, 27 அன்று டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைப்பு. பத்தே நாள். டெபாசிட் முழுதும் தப்பியது. பங்குதாரர்களின் பங்கு மொத்தமாக அழிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கரூர், சேலம், திருச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் சொத்தாக வைத்திருந்த பங்குகள் அவை. ஊர் வங்கியின் மீது வைத்த பாசத்துக்கு அப்படியொரு விலை கொடுத்திருக்கக் கூடாது.

மூன்றாவது பி.எம்.சி. யூனிட்டி சிறு நிதி வங்கியோடு 2022 ஜனவரியில் இணைக்கப்பட்டது. 5 லட்சம் வரை உடனே. அதற்கு மேலே உள்ள பணம் ஆண்டுக்கு ஆண்டு தவணையாக, எஞ்சியது பத்தாண்டு கழித்து. கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற நிறுவன டெபாசிட்களின் கதி இன்னும் மோசம்: காப்பீடு போக மீதியில் 80 சதவீதம், ஆண்டுக்கு 1 சதவீத ஈவு தரும் முன்னுரிமைப் பங்காக மாற்றப்பட்டது. சங்கத்தின் பணம் என்றால் அதன் பின்னால் நூற்றுக்கணக்கான சிறு சேமிப்பாளர்கள். ஒரு வங்கி விழுந்தால் அதில் கணக்கே இல்லாதவர் பணமும் இப்படித்தான் போகிறது.

வணிக வங்கியைக் காப்பாற்ற வேறொரு பெரிய வங்கி வந்துவிடுகிறது, கூட்டுறவு வங்கிக்கு அப்படி யாரும் எளிதில் வருவதில்லை. அண்மைக் காலத்தில் கழகம் காப்பீட்டுப் பணம் கொடுத்தவை எல்லாம் கூட்டுறவு வங்கிகளே. ஆகவே பெரிய வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் பதற வேண்டியதில்லை. சிறிய கூட்டுறவு வங்கியில் வரம்பைத் தாண்டி ஒரு ரூபாயும் வைக்கக் கூடாது.

வங்கிக்கு வெளியே

காப்பீடு டெபாசிட்டுக்கு மட்டும்தான். வங்கியை நம்பிய தொழிலுக்கு இல்லை. கோழிப்பண்ணைக்கோ விசைத்தறிக்கோ ஓ.டி., அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு வைத்திருப்பவர், தவணை தவறாதவராக இருந்தாலும், வங்கி முடங்கியதும் அந்த வரம்பிலிருந்து எடுக்க முடியாது. வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமென்றால் அடமானப் பத்திரத்தை மீட்டு, புதிதாக மதிப்பீடு செய்து, மீண்டும் பதிய மாதங்கள் ஆகும். அதற்குள் நூல் வாங்கிய இடத்தில் பாக்கி, கூலி பாக்கி. முடங்கும் முன்பே, ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கையின் (நிலை சரிந்த வங்கிக்குப் போடும் கட்டுப்பாடுகள்) கீழ் வந்த வங்கி புதுக் கடனைச் சுருக்கிக்கொள்ளும். பெருமுதலாளிகள் கட்டாத கடனுக்காகச் சிறுதொழில் மூச்சுத் திணறுவது இவ்வகையில்தான்.

அரசு வங்கிகளின் இழப்போ நேராக நம் வரிப்பணத்தில் விழுகிறது. 2016-17 முதல் 2020-21 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்கு மூலதனமாக அரசு போட்ட தொகை சுமார் 3.1 லட்சம் கோடி ரூபாய். அந்த வங்கிகளில் கணக்கு இல்லாதவரும் அதில் பங்கு கொடுத்திருக்கிறார்.

மாற்ற வேண்டியவை

1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்ததன் பின்னால் 1962இல் தொடங்கிய இந்தக் காப்பீட்டின் முதல் வரம்பு 1,500 ரூபாய். 1993இல் 1 லட்சமானது, 2020 பிப்ரவரி வரை, 27 ஆண்டு, அங்கேயே நின்றது. பி.எம்.சி. வங்கி விழுந்து மக்கள் தெருவுக்கு வந்த பிறகே 5 லட்சமாக உயர்ந்தது. விலைவாசிக்கு ஏற்ப வரம்பு தானாக ஏற வேண்டும், அடுத்த வங்கி விழும்வரை காத்திருக்கக் கூடாது. கழகத்தின் 2024 மார்ச் கணக்குப்படி 97.8 சதவீதக் கணக்குகள் முழுப் பாதுகாப்பில் உள்ளன, தொகையில் பார்த்தால் 43.1 சதவீதம்தான். முதல் எண்ணைப் பெருமையாகச் சொல்பவர்கள் இரண்டாவதையும் சொல்ல வேண்டும்: பணி ஓய்வில் கைக்கு வந்த 30 லட்சத்தை ஒரே எஃப்.டி.யாகப் போட்ட ஆசிரியர் அந்த மீதியில் இருக்கிறார்.

பிரீமியமும் நீண்ட காலம் எல்லா வங்கிக்கும் ஒன்றாக இருந்தது. கவனமாகக் கடன் கொடுக்கும் வங்கியும் கண்மூடித்தனமாகக் கொடுக்கும் வங்கியும் அதே 12 பைசா. நல்ல வங்கிக்குக் குறைத்து வாங்கும் முறையை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் அறிவித்தது, 2026-27 நிதியாண்டிலிருந்து. சரியான திசைதான், அறுபது ஆண்டு தாமதம்.

எஃப்.டி. ரசீதிலேயே, தொகைக்குக் கீழே, இந்த வங்கியில் உங்கள் பெயரில் மொத்தம் இவ்வளவு, காப்பீடு இவ்வளவு என்று ஒரு வரி அச்சடிக்க வேண்டும். வங்கியின் கணினிக்கு இது கூட்டல் கழித்தல் வேலைதான். ஒவ்வொரு முறை பட்டியல் அனுப்பும்போதும் இதே கணக்கைத்தான் போடப் போகிறார்கள், வங்கி நன்றாக இருக்கும்போதே அதைப் போட்டு வாடிக்கையாளருக்குக் காட்டலாம்.

அதுவரை இந்த வேலையை நாமே செய்ய வேண்டும். வீட்டிலுள்ள பாஸ்புக்குகளையும் எஃப்.டி. ரசீதுகளையும் எடுத்து, வங்கி வாரியாக, பெயர் வரிசை வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எஃப்.டி.க்கு முதிர்வுத் தொகையைப் போடுங்கள், அசலை அல்ல. எந்த வரி 5 லட்சத்தைத் தாண்டுகிறதோ அதை அடுத்த முதிர்வில் வேறு பெயர் வரிசைக்கோ வேறு வங்கிக்கோ மாற்றுங்கள். கே.ஒய்.சி.யும் பெயர் எழுத்தும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அதே நடையில் கிளையில் கேட்டுவிடுங்கள். எல்லாப் பணமும் ஒரே வங்கியில் இருக்கும் வீடு என்றால், தனிப் பெயரில் இன்னொரு வங்கியில் ஒரு கணக்கு இன்றே திறந்து வையுங்கள். விருப்பப் படிவத்தில் எழுத அந்த எண்தான் முதலில் வேண்டியிருக்கும்.